டி டிரைவில் இருப்பது பேக்கப் அல்ல

"சி போனாப் போகட்டும், டி டிரைவ்ல காப்பி கெடக்கு" என்பது மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்து வீடுகளில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. சியும் டியும் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கின் இரண்டு கூறுகள்தான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வெளி டிஸ்க் வாங்கியவர்களும் அதை எப்போதும் செருகியே வைத்திருக்கிறார்கள். குமரி மேற்கில் இது பெரிய தப்பு. சித்திரை வைகாசி சாயங்காலங்களில் இடி, பிறகு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழை, ஐப்பசியில் மறுபடி இடி. மின்னல் கரண்டு கம்பி வழியாக மட்டுமல்ல, கேபிள் நெட் ஒயர் வழியாகவும் உள்ளே வரும். செருகிய டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் ஒன்றாகக் கருகும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸும் செருகியிருப்பதை எல்லாம் சேர்த்தே பூட்டும். காப்பி முடிந்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றி வையுங்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்றால், அது கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்கான பத்துப் பதினைந்து நிமிடம்தான் தரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை.

எதை வாங்குவது? சில நூறு ரூபாய்க்கு '2 டிபி' என்று ஆன்லைனில் வரும் பென் டிரைவை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது 32 ஜிபி சிப்பாக இருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரைத் திருத்தியிருப்பார்கள். 32 ஜிபி வரை எல்லாம் சரியாகவே ஏறும். அதற்குப் பின் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். ஃபைல் பெயரும் அளவும் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் கல்யாணப் போட்டோவைத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் பட்டையாக நிற்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு எழுத மூன்று மணி நேரம், படிக்க மூன்று மணி நேரம் ஆகலாம். இடி இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போடுங்கள். அசல் 1 டிபி டிஸ்க்கையே விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அது கணக்கு முறை வேறுபாடு, ஏமாற்று அல்ல.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் எழுதி எடுத்துப் பீரோவில் வருடக்கணக்கில் போட்டு வைக்க அது ஏற்றதல்ல. ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பின் விதிப்படி, எழுதும் ஆயுள் முடிந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைத் தாங்கினால் போதும். சூடு கூடினால் அந்தக் காலம் குறையும். சும்மா வைத்திருக்க 2.5 இஞ்ச் ஹார்டு டிஸ்க்கே மேல். உங்கள் ஃபைல்களின் அளவுக்கு இரண்டு மடங்கு கொள்ளளவு பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய அன்றே, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். 'பவர் ஆன் அவர்ஸ்', அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதுப் பெட்டியில் வந்த பழைய டிஸ்க். அந்த எண்ணையே அழித்து விற்பவர்களும் உண்டு. அதனால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்திலும் தட்டிப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் நாகர்கோவிலில் வாங்கினாலும் பில்லில் அந்த எண் இருக்கட்டும். பிறகு 05, சி5 என்ற இரண்டு வரிகள். இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 ஏறினால் படிக்க முடியாத இடங்கள் உருவாகின்றன என்று அர்த்தம். அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இந்த இரண்டு வரிகளின் எண்களும் ஹெக்ஸ் என்ற பதினாறின் கணக்கில் காட்டப்படுவதால் 10 என்றிருந்தால் 16. வாரண்டி டிஸ்க்கை மாற்றித் தரும், உள்ளே இருந்ததைத் தராது.

டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்தால் உடனே பயப்பட வேண்டாம். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் நீள எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால், சுழலத் தொடங்குவதற்கான கரண்டு போதாமலும் அப்படி ஆகும். டிஸ்க்கோடு வந்த கேபிளைப் பின்பக்கத்து யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அதன் பிறகும் அடித்தால் உள்ளேதான் பழுது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது மீட்கக் கிடைப்பதையும் கெடுக்கும்.

ஈரத்துக்கு, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணி ரோஸ் ஆனால் மாற்ற வேண்டும். டிவிடியை இனி நம்ப வேண்டாம்.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம்தான், ஆனால் கம்ப்யூட்டரையும் டிரைவையும் ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க் என்பது பேக்கப் ஆகாது: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றைப் பாறசாலையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் வைப்பது இதைவிடப் பலமானது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் போய்வரும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் அதைத் தாளில் எழுதி வையுங்கள், அதே கம்ப்யூட்டரில் அல்ல.

கடைசியாக, வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகிப் பத்து ஃபைலாவது திறந்து பாருங்கள். தாத்தா காலத்து மலையாளப் பத்திரத்தின் ஸ்கேன் திறக்கும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த கடிதம் திறந்தும் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும், ஏனென்றால் அந்த ஃபாண்ட் பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. அதையும் சேர்த்து காப்பி எடுங்கள்.