டீசல் பர்னர் எலக்ட்ரோட்: இடைவெளி மட்டும் சரியாக இருந்தால் போதாது

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் அதே வகை பர்னர்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற நகரங்களில் ரொட்டிக்கடை அடுப்பிலோ சலவைக்கடை பாய்லரிலோ உட்கார்ந்திருக்கும். விடியற்காலை 3 மணிக்கு மாவு பொங்கி நிற்கும்போது அது பற்றவில்லை என்றால், முதல் பழி பொறிக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் தலையில் விழும். புதிதாக வாங்கிப் போட்ட பிறகும் பற்றாது. பல நேரம் கோளாறு, பொறி பாய்ச்சி டீசலைப் பற்றவைக்கும் இரண்டு எலக்ட்ரோட் கம்பிகளின் நுனியில்தான் இருக்கும்.

இரண்டு நுனிகளுக்கும் நடுவே 3 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். கண்மதிப்பில் வைக்காமல், 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை நுழைத்துப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இதோடு வேலை முடிந்தது என்று மூடிவிடுவதுதான் பெரிய தவறு. இன்னும் இரண்டு அளவு பாக்கி இருக்கிறது: நாசலின் (டீசலைத் தெளிக்கும் மூக்கு) மையத்துளையிலிருந்து நுனிகள் எவ்வளவு உயரம், நாசலின் முகத்திலிருந்து எவ்வளவு முன்னால். இப்போதைய பர்னர்கள் பலவற்றில் உயரம் 8 மி.மீ. அளவில் இருக்கும், பழையவற்றில் 11 முதல் 13. முன்தள்ளல் 1.5 முதல் 3 மி.மீ. வரை. உங்கள் பர்னரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

இந்த இரண்டும் ஏன் முக்கியம்? டீசல் நாசலிலிருந்து புனல் வடிவில் விரிந்து தெறிக்கிறது. கம்பி நுனி அந்தப் புனலுக்கு வெளியே, நனையாமல் நிற்க வேண்டும். மின்விசிறிக் காற்று பொறியை வளைத்து முன்னால் தள்ளும். வளைந்த பொறிதான் புனலின் ஓரத்தைத் தொட்டுப் பற்றவைக்கும். நுனியே டீசலில் நனைந்தால் அதில் கரி கட்டி, தாடி மாதிரி வளர்ந்து, இரண்டு கம்பியையும் இணைத்துவிடும். அப்புறம் பொறி பாயாது, கரி வழியாகவே மின்சாரம் ஓடிவிடும். மாறாக, நுனி ரொம்பப் பின்னால் இருந்தால் பொறி டீசலை எட்டாது, அல்லது நாசல் மீதே தாவும். எந்த உலோகத்திலிருந்தும் குறைந்தது 6 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

நாசலை மாற்றிவிட்டு எலக்ட்ரோடை அப்படியே விடுவது அடுத்த தவறு. தெளிப்புக் கோணம் 60 டிகிரி உள்ள நாசல் கிடைக்கவில்லை என்று 80 டிகிரி போடுகிறார்கள். நுனி 8 மி.மீ. உயரத்தில், யாரோ 10 மி.மீ. முன்னால் தள்ளி வைத்திருந்தால், அந்த இடத்தில் 60 டிகிரிப் புனலின் ஆரம் சுமார் 5.8 மி.மீ.; நுனி நனையாது. 80 டிகிரியில் 8.4 மி.மீ.; நனைந்துவிடும். நேற்றுவரை ஓடிய பர்னர் இன்று கரி கட்டும். (கோணம் மாறினால் சுடரின் வடிவமும் மாறும் என்பது தனிக் கதை, கையேடு சொல்லாத கோணத்தைப் போடாமல் இருப்பதே நல்லது.)

கம்பியைச் சுற்றி மின்சாரம் கசியாமல் காக்கும் பீங்கானைக் கையாள்வதில்தான் அதிகச் சேதம். கம்பியை வளைக்க வேண்டுமானால், பீங்கானை ஒட்டியுள்ள பகுதியை ஒரு பிளையரால் பிடித்துக்கொண்டு, நுனியை இன்னொன்றால் வளையுங்கள். பீங்கானையே பிடித்து நெம்பினால் மயிரிழை விரிசல் விழும். பிடிப்புத் திருகை ஓவராக முறுக்கினாலும் அப்படியே. விரிசலுக்குள் கரியும் ஈரமும் புகுந்தால் பொறிக்கான 10,000 வோல்ட்டும் அங்கேயே கசிந்துவிடும். மழை நாளில் மட்டும் அடம்பிடிக்கும் பர்னர் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கம்பி பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்க்கக் கூடாது. உலோகத் துகள் ஒட்டி மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். மெல்லிய துணி, கொஞ்சம் ஸ்பிரிட், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ரொட்டிக்கடையில் மாவுத்தூள் விசிறி இறக்கைகளில் அப்பிக்கொண்டு காற்றைக் குறைக்கும். அதையும் அதே கையோடு துடைத்துவிடுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்து, டீசல் வால்வை மூடிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். திருகை முறுக்கும்போது கம்பி சற்றுத் திரும்பும், அதனால் முறுக்கிய பிறகு மூன்று அளவையும் மறுபடி பாருங்கள். பொறி வருகிறதா என்று ஸ்குருடிரைவரை நீட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

பற்றாவிட்டால் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் டீசல் உள்ளே தேங்கும். கடைசியில் ஒரு பொறி பட்டதும் எல்லாம் சேர்ந்து 'டம்' என்று வெடித்து, புகைக்கரி கடை முழுக்கக் கொட்டும். ஒரு முறை அழுத்தியும் பற்றவில்லை என்றால் மெயினை அணைத்து, தேங்கிய டீசலைத் துடைத்தெடுத்த பிறகே மேற்கொண்டு பாருங்கள்.

சரியாக அமைந்த பர்னர் டீசல் வந்த உடனே, இருமாமல் பற்றும். ஒரு வாரம் ஓடிய பிறகு கழற்றிப் பார்த்தால் நுனிகள் காய்ந்திருக்க வேண்டும். ஒரு கம்பியில் மட்டும் கரி இருந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, அல்லது நாசல் கோணலாகத் தெளிக்கிறது.