கைப்பேசியும் புத்தக அலமாரியும்: மலேசிய வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாராவது ஒரு பிடிஎஃப் நூலைப் பகிர்ந்தால் உடனே தரவிறக்கி வைத்துக்கொள்கிறோம். ஆறு மாதத்தில் கைப்பேசியில் நானூறு கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. பல கோப்புகளுக்குத் தேதியும் எண்ணும்தான் பெயர். என்ன நூல் என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், அதனால் யாரும் திறப்பதில்லை. கையில் வந்து விழுவதை வைத்து வாசிப்பைத் தீர்மானிப்பதே இங்கு முதல் தவறு. படிக்க வேண்டிய நூலை முதலில் முடிவு செய்துகொண்டு, அது எந்த வடிவில் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போவதுதான் சரியான வரிசை.

சேர்ந்துவிட்ட கோப்புகளில் வைத்துக்கொள்ளத் தகுந்தவற்றுக்கு ‘ஆசிரியர் - தலைப்பு - பதிப்பாண்டு’ என்று பெயரிடுங்கள். அதற்கு முன் நூல் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். வருடும்போது (ஸ்கேன் செய்யும்போது) இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு பக்கங்கள் விடுபடுவது சாதாரணம். கோப்பின் பக்க எண்ணையும் அச்சிட்ட பக்க எண்ணையும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என மூன்று இடங்களில் ஒப்பிட்டால் போதும். அச்சில் 20ஆம் பக்கம் கோப்பில் 24ஆவதாக வந்தால் வேறுபாடு 4. அச்சில் 200ஆம் பக்கம் கோப்பில் 202ஆவதாக வந்தால் வேறுபாடு 2தான். இடையில் எங்கோ இரண்டு பக்கங்கள் இல்லை. துப்பறியும் கதையின் 180ஆம் பக்கத்தில் இதைக் கண்டுபிடிப்பதைவிடத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் செலவழிப்பது மேல்.

உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. உள்ளூர் எழுத்தாளர் பலர் சொந்தப் பணம் போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிடுகிறார்கள். அந்த நூல் குழுக்களில் சுற்றத் தொடங்கினால் அடுத்த நூல் வராமலே போகலாம். இலவசமாகவும் நேர்மையாகவும் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணையத் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் தட்டச்சு செய்த வடிவிலேயே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் அரிய பதிப்புகளும் உள்ளன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது.

திரையின் அளவை மறப்பது

“கிண்டில் வாங்கினேன், தமிழ் பிடிஎஃப் படிக்கவே முடியவில்லை” என்று சொல்பவர்கள் அமேசானின் அந்த மின்னூல் வாசிப்புக் கருவியைக் குறை கூறுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தமிழில் அதிகம் அச்சாகும் டெம்மி அளவுப் பக்கம் ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டது. 6 அங்குலத் திரையின் அகலம் 3.6, உயரம் 4.8 அங்குலம்தான். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்குகிறது. 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 6 புள்ளியாகிறது. ஆங்கிலத்தை அந்த அளவில் எப்படியோ படித்துவிடலாம். தமிழில் முடியாது. மெய்யெழுத்தின் புள்ளியும் கி, கீ வேறுபாடும் அந்த அளவில் மறைந்துபோகும்.

இதற்கு இரண்டு வழிகள். முதலில் ஓரங்களை வெட்டும் வசதியைப் பயன்படுத்தி வெள்ளை ஓரத்தை நீக்குங்கள். பிறகு கருவியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். எழுத்துப் பகுதி மட்டும் சுமார் நாலேகால் அங்குல அகலம் என்பதால், 4.8 அங்குலத்தில் அது அச்சு அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு முறை தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கைப்பேசியையும் இப்படிப் பக்கவாட்டில் வைத்துப் படிக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகளே தெரிவதால் நீண்ட நூலுக்குச் சரிவராது. வருடிய நூல்களே உங்கள் முதன்மை வாசிப்பு என்றால் 10 அங்குலப் பலகைக் கணினி வாங்குங்கள். அதன் திரை ஏறத்தாழ டெம்மிப் பக்கத்தின் அளவே. 6 அங்குல மின்மை (இ-இங்க்) கருவி இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவத்துக்கானது. அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

எந்த நூலைத் திரையில் படிப்பது என்பதிலும் யோசனை தேவை. 2018இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 54 ஆய்வுகளையும் 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களையும் ஒருசேரப் பார்த்தது. தகவல் சார்ந்த நூல்களைக் காகிதத்தில் படித்தவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இடைவெளி இன்னும் கூடியது. கதைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே நாவலைத் தயங்காமல் திரையில் படியுங்கள். வரலாறு, இலக்கணம், உரைநூல் என்று முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க வேண்டியவற்றுக்குக் காகிதப் பிரதி வாங்குவது வீண் செலவு ஆகாது.

தேடியும் கிடைக்காதது ஏன்?

ஒரு சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்று வருகிறது. நூலிலோ அது பத்து இடத்தில் இருக்கிறது. வருடிய கோப்பு வெறும் படம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒருங்குறி (யூனிகோட்) பரவும் முன் டிஸ்கி, டாப், பாமினி போன்ற குறியீடுகளில் உருவான கோப்புகள். அவை பார்க்கத் தமிழாக இருந்தாலும் நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். அவற்றுக்கு எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருள் போதும். படக் கோப்பாக இருந்தால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள் இருக்கும்படி, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழை அது நன்றாகவே உணர்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் மட்டும் தும்பிக்கை போட்ட லை, னை, ளை எழுத்துகளிலும் பழைய ணா, றா, னா எழுத்துகளிலும் தடுமாறும். அந்தச் சொற்களைக் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

தேடும்போது தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுச் செயலியான செல்லினம் இருக்கும்போது ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடுவதற்கு அவசியமில்லை. இதற்கு விதிவிலக்கு நம் நூலகப் பட்டியல்கள். தமிழ்த் தலைப்புகள் அங்கு ரோமன் எழுத்தில் பதிவாகியிருப்பது உண்டு. ழகரம் வரும் தலைப்பை ஒரு முறை ‘எல்’ போட்டும் இன்னொரு முறை ‘இசட் எச்’ போட்டும் தேடிப் பாருங்கள். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுவது இன்னும் எளிது.

வாங்கியதெல்லாம் நம்முடையது என்று நம்புவது

கடைகளில் வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல் அமேசான், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய நூல்களை அவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்கள் போய்விட்டன. 2025 பிப்ரவரியோடு, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் தரவிறக்கிக் கம்பி வழியே மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இபப்பைப் பதிப்பகம் நேரடியாக விற்றால் அங்கேயே வாங்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். கிண்டிலில் அடிக்கோடிட்ட வரிகள் கருவிக்குள்ளேயே ஓர் உரைக்கோப்பாகச் சேர்கின்றன. ஆண்டுக்கு இருமுறை கணினியில் இணைத்து அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

எல்ஆர்டி ரயிலில் படிப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: ஏறும் முன் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். நூலைத் தரவிறக்கி வைத்திருந்தால் இணையம் தேவையே இல்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா வரை அரை மணி நேரத்துக்குள் ஒரு சிறுகதையை முடித்துவிடலாம். புலன அறிவிப்பு இரண்டு முறை வந்தால் அதே கதை வீடு வரை நீளும்.

திரையில் இல்லாத நூல்கள்

மின்னூலுக்கு முழுவதுமாக மாறிவிட்டவர்கள் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. இணையத்தில் தமிழகத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. தோட்டப்புறத்தையும் சயாம் மரண ரயிலையும் எழுதிய மலேசியத் தமிழ் நூல்களில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. திரையை மட்டும் நம்பினால் நம் சொந்த இலக்கியம் நம் கண்ணுக்கே படாது. நூல் வெளியீட்டு நிகழ்ச்சிகளில் வாங்கிவிடுவது நல்லது, அந்தப் பிரதிகள் பிறகு கடைக்கு வராமலே போகலாம். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 978-983 அல்லது 978-967 என்று தொடங்கினால் அது மலேசியப் பதிப்பு. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கு அச்சாகும் நூல்களைப் பதிப்பாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். எனவே தீர்ந்துபோன நூலைத் தேடுபவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்திலிருந்து தொடங்கலாம். இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நூலகமும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம்.

நூல் வாங்கிய ரசீதை வீசிவிடுவதும் தவறே. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கோரலாம், அதில் நூல்களும் இதழ்களும் அடங்கும். கைப்பேசியும் இணையக் கட்டணமும் அதே தொகைக்குள்தான் வருகின்றன. ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

காகிதத்தை வாங்கினால் காப்பாற்றவும் வேண்டும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65ஐத் தாண்டினாலே பூஞ்சை வளரத் தொடங்கும். இரவெல்லாம் ஏர்கோன் போட்டுக் காலையில் சட்டென்று சன்னலைத் திறந்தால், குளிர்ந்திருக்கும் அட்டைகள்மீது வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. அறையின் குளிர் தணிய ஒரு மணி நேரம் விட்டுத் திறங்கள். வெளிச் சுவரோடு ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள், ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நூல்களையும் நெருக்கி அடுக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகத் தேக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மேல்தட்டில் வைப்பது ஆபத்து. கவிழ்ந்தால் அந்த உப்புநீர் பட்ட நூல் தேறாது. அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு சாப்பாட்டுத் தட்டின்மேல் வையுங்கள்.

பினாங்கு சௌராஸ்தா சந்தையிலோ வேறெங்கோ வாங்கிய பழைய நூலை நேராக அலமாரியில் செருகாதீர்கள். பூஞ்சை இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நன்றாகக் காய்ந்த பின் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். பூச்சி அரித்த துளை தெரிந்தால் நூலைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, மைனஸ் 18 பாகைக் குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். இது பூச்சிக்குத்தான், பூஞ்சையை அழிக்காது. எடுத்ததும் பையைத் திறந்துவிடுவதே பலர் செய்யும் கடைசித் தவறு. நம் ஊர்க் காற்றின் ஈரம் அத்தனையும் அந்தக் குளிர்ந்த தாளில் வியர்வைபோலப் படியும். பை மூடியபடியே ஒரு முழு நாள் வெளியில் இருக்கட்டும்.