லினக்ஸ் பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் முன்

விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் லினக்ஸ் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்கில் லினக்ஸுக்கென ஒதுக்கிய பகுதியில், இடம் தீர்ந்துவிட்டதா? சி டிரைவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான கோப்புகளை முதலில் வெளி டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. அதற்கு முன், விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து, பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் ஜிபார்ட்டடைத் திறக்கவும். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) ஓடிக்கொண்டிருந்தால் வலது கிளிக் செய்து ஸ்வாப்ஆஃப் கொடுங்கள். கணினி பூட் ஆகத் தேவையான இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம்.

இனிதான் கவனம் தேவை. காலி இடம் பெரும்பாலும் லினக்ஸுக்கு இடப்பக்கம் இருக்கும். அதைச் சேர்க்க, பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். உள்ளே உள்ளதெல்லாம் இடம் மாறி எழுதப்படும். எங்கள் தங்கச்சிமடத்து வீட்டில் பழைய ஹார்ட் டிஸ்கில் 120 ஜிபி நகர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் பாழாகலாம். கச்சான் காற்று தென்னையை வளைக்கும் நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள். பேட்டரி தேறாத கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் கை வைக்கவே வேண்டாம்.

படம், வீடியோ வைக்கத்தான் இடம் வேண்டுமென்றால் எதையும் நகர்த்தத் தேவையில்லை. காலி இடத்தையே லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவில் ஃபார்மேட் செய்து தனியாக மவுண்ட் செய்துகொள்ளுங்கள், அதாவது ஒரு ஃபோல்டர்போலத் திறக்கும்படி லினக்ஸில் இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நிமிட வேலை.