ராமநாதபுரம் கடலோரத்தில் பயிற்சி நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விவசாயப் பயிற்சி, மீனவர் பயிற்சி என்று நம்ம பக்கம் வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பேனர், மைக், மதியச் சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கும், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாதிப் பேர் போன தடவையும் வந்தவர்கள். கேட்டால் "ஆள் வரமாட்டேங்கிறாங்க" என்பார்கள். கூப்பிட்டால்தானே வருவதற்கு!

தவறு பெரும்பாலும் அழைப்புப் பட்டியலிலேயே தொடங்கிவிடுகிறது. மிளகாய்ப் பயிற்சிக்கு, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா நகல் கேட்பார்கள், சிட்டா அநேகமாக ஆண் பேரில் இருக்கும். ஆனால் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயில் களை எடுப்பது, பழம் பறிப்பது, காயவைத்துத் தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில். ஈரம் போகாமல் குவித்தால் பூஞ்சை பிடித்து அஃப்லடாக்சின் நஞ்சு வரலாம் என்பது களத்தில் நிற்பவருக்குத் தெரிய வேண்டுமா, டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவருக்கா? குத்தகைக்கு உழுபவருக்கும் சிட்டா கிடையாது. கடல் பக்கமும் இதே கதைதான், படகுக்காரர் பட்டியலில் இருப்பார், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருக்கமாட்டார்கள். பட்டாவையும் படகையும் விட்டுவிட்டு, இந்த வேலையைச் செய்வது யார் என்று தெருவில் கேட்டுப் பட்டியல் போடுங்கள், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களும் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிகளும் அப்போதுதான் கண்ணில் படுவார்கள். இன்னொன்று, கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் பயிற்சி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதைக் கொடுக்க பட்ஜெட்டில் இடமில்லையாம், பேனருக்கு மட்டும் இருக்கிறது.

அப்புறம் தேதி. பாசிக்குப் போகும் பெண்களை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூப்பிடாதீர்கள், அப்போது அவர்கள் தண்ணீரில் இருப்பார்கள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருக்கிறது, அதைக் கேட்காமல் புதன்கிழமை என்று அச்சடித்தால் கரையில் யார் இருப்பார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு அது நல்ல சமயம். ஆனால் பனையேறிக் குடும்பங்களில் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு அணையாத சீசனும் அதுதான், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தேதி என்பது நடக்காது. கீழக்கரையில் வெள்ளி மத்தியானம், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடமும் முக்கியம். ஒரு சமூகத்தாரின் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டு, நோட்டீஸில் ‘அனைவரும் வருக’ என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் காலனி ஆட்கள் வரத் தயங்குவார்கள். அதைவிட அரசுப் பள்ளியில் வைப்பது மேல்.

சரி, ஆட்களும் வந்துவிட்டார்கள், என்ன சொல்கிறீர்கள்? மாவட்டம் முழுமைக்கும் சேர்த்து "கடல் சீற்றமாக இருக்கும்" என்று ஒரே வாட்ஸப் செய்தி அனுப்புவதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வாடைக்காற்றில் வடக்கே பாக் நீரிணை குமுறும்போது தெற்கே மன்னார் வளைகுடா சும்மா கிடக்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தலைகீழ். எந்தக் கடல், எந்தக் காற்று, எத்தனை மணியிலிருந்து என்று சொல்லுங்கள், அதையும் எழுத்தாக இல்லாமல் குரலாக அனுப்புங்கள். வீட்டு போன் பல இடங்களில் மகன் பையில் இருக்கிறது, அதனால் வானொலியை மறக்காதீர்கள். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே இருக்கிற சமுதாய வானொலி.

வயல் பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, உப்புப் பூத்த நிலம் எதுவானாலும் "ஜிப்சம் போடுங்க" என்று சொல்லிவிடுவது. ஜிப்சம் களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் ஏறி, கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் போன மண்ணுக்கு. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடிக்க வேண்டும், அங்கே ஜிப்சம் வாங்கிப் போட்டால் காசுதான் கரையும். மண் பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், அதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து காட்டுங்கள். பங்குனியில் சொன்னது புரட்டாசி விதைப்பு வரும்போது நினைவில் இருக்காது, முதல் மழை விழுந்ததும் அதே வயல்களுக்கு இன்னொரு தடவை போய் வாருங்கள்.