வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்க வைக்க முடிவெடுத்த குடும்பங்களில் முதல் மாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. கூடத்தில் ஒரு கரும்பலகை. சுவரில் டைம்டேபிள். எட்டரைக்கு ஜெபம், ஒன்பதுக்குக் கணக்கு, மாலை மூன்றரை வரை எட்டு பீரியட். மூன்றாவது வாரம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும், பிள்ளை நோட்டைக் கண்டாலே அழும், அப்பா "இதுக்கு ஸ்கூலே தேவல" என்பார். பிள்ளை சோம்பேறியும் இல்லை, அம்மாவுக்குச் சொல்லித்தரத் தெரியாமலும் இல்லை. அந்த டைம்டேபிள்தான் தவறு.

பள்ளியின் 40 நிமிட பீரியடில் வருகைப்பதிவு, நோட்டு கொடுப்பது, கடைசி பெஞ்சை அடக்குவது எல்லாம் அடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லும்போது அதே பாடம் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே 6, 7 வயதில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் போதும். ஒரு பாடம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 8 முதல் 10 வயது வரை மூன்று மணி நேரம், பாடத்துக்கு 25 நிமிடம். 11 முதல் 13 வரை நான்கு மணி நேரம். 14-க்கு மேல் ஐந்து. கடினமானதை, பெரும்பாலான வீடுகளில் கணக்கை, காலை உணவு முடிந்த உடனே வையுங்கள். மதியச் சோற்றுக்குப் பிறகு பின்னக் கணக்கு சொல்லித்தருவது இருவருக்கும் வதை. அந்த நேரம் ஓவியம், தையல், கீபோர்டு, கதை வாசிப்புக்கு உரியது.

குடும்ப ஜெபம் நீண்டுபோவது

ஒரு மணி நேரக் குடும்ப ஜெபம் பக்தியின் அளவுகோல் என்று நினைக்கும் வீடுகள் நிறைய. பசியோடு பாயில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தில் கற்பது கண்ணைத் திறக்காமல் தூங்கும் கலையைத்தான். 20 நிமிடம் போதும்: பாட்டில் இரண்டு சரணம், 10 முதல் 12 வசனம், கேட்டதைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது, ஒருவர் மட்டும் ஜெபிப்பது. இவற்றில் நேரம் போதாமல் விடப்படுவது எப்போதும் மூன்றாவதுதான். உண்மையில் முதலில் காப்பாற்ற வேண்டியதும் அதுதான், ஏனெனில் பிள்ளை திருப்பிச் சொல்லும்போதுதான் எதைப் புரிந்துகொண்டது, எதை வெறும் சத்தமாகக் கேட்டது என்று நமக்குத் தெரியவரும்.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கும் குடும்பங்கள் லேவியராகமத்தில் பலிகளின் சட்டங்களுக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாக ஓடும். நாளுக்கு 12 வசனம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

மனப்பாட வசனத்தில் நடக்கும் தவறு வேறு. சபை வசனப் போட்டிக்காக ஒரே மாதத்தில் 50 வசனம் திணித்து, பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிவந்து, அடுத்த மாதம் அதில் நாற்பதை மறப்பார்கள். வாரம் ஒரு வசனம் போதும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு பழைய ஷூ டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 41 தடுப்பு அட்டைகள்: ‘தினமும்’ ஒன்று, ‘ஒற்றைப்படை’, ‘இரட்டைப்படை’ இரண்டு, கிழமைக்கு ஒன்றாக ஏழு, தேதிக்கு ஒன்றாக 31. புதிய வசனம் எழுதிய அட்டை முதலில் ‘தினமும்’ பகுதியில் இருக்கும். தடுமாறாமல் சொல்ல வந்ததும் ஒற்றைப்படைக்கோ இரட்டைப்படைக்கோ போகும், பிறகு ஒரு கிழமைக்கு, கடைசியில் ஒரு தேதிக்கு. எந்த நாளிலும் ‘தினமும்’, அன்றைய தேதி ஒற்றையா இரட்டையா என்பதற்கான பகுதி, அன்றைய கிழமை, அன்றைய தேதி என்று நான்கு பகுதிகளைத்தான் திறப்பீர்கள். ஏழு நிமிடம் ஆகும். இப்படிச் செய்தால் இரண்டு வருடத்துக்கு முன் கற்ற வசனமும் மாதம் ஒருமுறை வாயில் வரும். வசன எண்ணை முன்னும் பின்னும் இருமுறை சொல்லப் பழக்குங்கள், பிள்ளைகள் முதலில் தொலைப்பது அதைத்தான்.

தண்டனையாக வசனம் எழுதச் சொல்வதை அடியோடு நிறுத்திவிடுங்கள். தம்பியை அடித்ததற்கு ஒரு வசனத்தை ஐம்பது முறை எழுது, பொய் சொன்னதற்கு 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதத்தை உட்கார்ந்து வாசி என்றால், பிரம்பு இருந்த இடத்தில் வேதாகமம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொட்டியதைத் துடைப்பது, அடிபட்டவனிடம் போய் மன்னிப்புக் கேட்பது, சாயங்கால விளையாட்டில் அரைமணி நேரம் இழப்பது என்று தவறோடு தொடர்புள்ள விளைவுகள் எத்தனையோ இருக்கின்றன.

தமிழ் வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளை

வீட்டுக்கல்வியில் நாங்கள் அதிகம் வருந்தும் தவறு இது. விலைக்கு வாங்கும் பாடப் புத்தகப் பெட்டி முழுக்க ஆங்கிலம், யூடியூபும் ஆங்கிலம். வீட்டுப் பேச்சு தமிழ்தானே, எழுத்து பிறகு தானாக வரும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வராது. பத்து வயதில் ஆராதனையில் பாமாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாமல் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளைகள் பல சபைகளில் இருக்கிறார்கள்.

தொடங்குகிறவர்கள் பலர் 247 எழுத்தும் உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டி முதல் வரியிலிருந்து ஒப்பிக்க வைக்கிறார்கள். பிள்ளை பாட்டாகப் பாடும். தனியே ஓர் எழுத்தைக் காட்டினால் விழிக்கும். ட, ப, ம, ர என்ற நான்கு எழுத்தோடும் புள்ளியோடும் தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், மடம், மரம், பட்டம் என்று வாசித்துவிடும். 18 மெய்யும் அவற்றின் அகர வரிசையும் பழகியபின் துணைக்காலை மட்டும் சொல்லித்தாருங்கள். ஒரே குறியில் 18 எழுத்து புதிதாகக் கிடைக்கும். பிறகு கொக்கிகள், கொம்புகள். உகர, ஊகாரங்கள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றைக் கடைசிக்கு விடுங்கள். நாள் தவறாமல் 15 நிமிடம் என்றால் ஆறேழு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கும்.

கிறிஸ்தவ வீட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பள்ளிப் புத்தகம் கிரந்த எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். நம் பிள்ளையால் முடியாது. ஜெபம், ஸ்தோத்திரம், கிறிஸ்து, பரிசுத்த ஆவி என்று அது தினமும் கேட்கும் சொற்களில் பாதி ஜ, ஸ இல்லாமல் எழுத முடியாதவை. அகர வரிசை முடிந்த கையோடு ஜ, ஸ, ஷ, ஹ நான்கையும் சொல்லித்தந்துவிடுங்கள்.

இன்னொன்று: சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பான ‘பழைய திருப்புதல்’ வேதாகமத்தையே தமிழ்ப் பாடமாக வைப்பது. அதன் ஓசை அழகு, ஆச்சி வாயில் வரும் வசனமும் அதுதான்; மனப்பாடத்துக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வேறு மொழிபெயர்ப்புக்கு மாறினால் பாதி இதிலும் பாதி அதிலுமாக வசனம் குழம்பும். ஆனால் அதை மட்டுமே வாசித்து வளர்ந்த பிள்ளை கட்டுரை நோட்டில் ‘ஸ்திரீ’, ‘ஜனங்கள்’, ‘வஸ்திரம்’, ‘போஜனம்’ என்று எழுதும். தேர்வில் மதிப்பெண் போகும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தமிழ்ப் புத்தகம் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்து, இது சபையில் வழங்கும் சொல், இது இன்றைய பொதுத்தமிழ் என்று இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் எழுதிவரச் செய்யுங்கள். எங்கள் கருத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இரண்டும் சொந்தம்.

எ, ஏ வேறுபாட்டைச் சொல்லித்தரும் நாளில் அந்த வடிவச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதையும், இத்தாலியிலிருந்து வந்த பாதிரியாரான அவர் 1732-இல் சதுரகராதி என்ற தமிழ் அகராதியைத் தொகுத்ததையும் சொல்லலாம். எழுத்துப் பாடம், சபை வரலாறு இரண்டும் ஒரே மூச்சில் முடியும்.

அமெரிக்கப் பெட்டியை அப்படியே பிரிப்பது

கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்றால் அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அதிலுள்ள ஆங்கில வாசிப்புப் புத்தகங்கள் நல்லவை, பயன்படுத்துங்கள். கணக்குதான் இடிக்கும். அங்குல அடி, பவுண்டு அவுன்ஸ், டாலர் சென்ட் என்றே நான்காம் வகுப்பு வரை போகும். இதில் வளர்ந்த பிள்ளை ஒரு லட்சத்தை 100,000 என்று எழுதி ‘நூறாயிரம்’ என்று வாசிக்கும்; 1,00,000 என்று காற்புள்ளி போடவோ, கோடியில் எத்தனை பூச்சியம் என்று சொல்லவோ தடுமாறும். கணக்குக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வரலாறும் அப்படியே. அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிப்போன மேபிளவர் கப்பலைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்த பிள்ளைக்குத் தரங்கம்பாடி எங்கிருக்கிறது என்று தெரிவதில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் அங்கே இறங்கியது, 1708-இல் டேனிஷ் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தது, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். போகும் முன் ஒரு வாரம் வாசியுங்கள்; அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படமாவது வரையட்டும்; திரும்பியதும் காலக்கோட்டில் ஒட்டட்டும்.

அறிவியலில் பரிணாமப் பாடம் வரும் பக்கங்களைக் கிழித்துவிடுவதும், அந்த ஒரு பாடத்தைத் தாண்டிப் போவதும் வேண்டாம். 12-ஆம் வகுப்பு உயிரியலில் அது கட்டாயம் வரும், கேள்வியும் வரும். பாடநூல் என்ன சொல்கிறது, எந்தச் சான்றுகளைக் காட்டுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லித்தந்து, படைப்பைப் பற்றி நம் விசுவாசம் என்ன என்பதையும் பேசுங்கள். வீட்டில் ஒருபோதும் கேட்காததை முதன்முறையாக வெளியில் கேட்கும்போதுதான் பிள்ளை, அம்மா அப்பா வேறு எதையெல்லாம் மறைத்தார்களோ என்று யோசிக்கத் தொடங்கும்.

நாள்காட்டி, அப்பா, அக்கம்பக்கம்

மூன்று பிள்ளைகளுக்கும் எல்லாப் பாடத்தையும் தனித்தனியே நடத்தாதீர்கள். கணக்கு, மொழி மட்டும் தனி. வேதம், வரலாறு, அறிவியல், பாட்டு ஒன்றாக. பெரியவன் எழுதட்டும், நடுவிலவள் சொல்லட்டும், சின்னது படம் வரையட்டும்.

டிசம்பரில் நள்ளிரவு வரை கேரல் ரவுண்ட்ஸ் போய்வந்த பிள்ளையைக் காலையில் வகுத்தல் கணக்குக்கு எழுப்புவதில் பயனில்லை. 15-ஆம் தேதியோடு புத்தகத்தை மூடி, புத்தாண்டு ஆராதனை முடிந்து ஓரிரு நாள் கழித்துத் திறங்கள். மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இவற்றையும் முன்கூட்டியே கழித்துவிட்டு வருடத்துக்கு 36 வாரம் என்று திட்டமிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஓய்வெடுக்கலாம். ஆறு வாரப் படிப்புக்கு ஒரு வாரம் விடுமுறை என்பது நல்ல தாளம்.

அப்பா கட்டணம் கட்டுபவராக மட்டும் இருந்தால் இரண்டாவது வருடத்தில் அம்மா ஓய்ந்துபோவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் சத்தமாகக் கதை வாசிப்பதும், சனிக்கிழமை கணக்கு நோட்டைத் திருத்துவதும் அவருடைய வேலையாக இருக்கட்டும்.

சபைப் பிள்ளைகளோடு மட்டும் பழகவிடுவதும் தவறுதான். தெருவில் கிரிக்கெட், மாவட்ட மைய நூலகம், சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் நூற்றாண்டு நூலகங்கள் என்று வாரத்தில் மூன்று நாளாவது வெளியே போகட்டும். "எத்தனாம் கிளாஸ் படிக்கிற கண்ணு?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கக் கூடாது. "வீட்ல படிக்கிறேன் ஆன்ட்டி, அஞ்சாம் வகுப்புப் பாடம்" என்று சொல்லப் பழக்குங்கள்.

தாள்களைப் பிறகு பார்க்கலாம் என்பது

பள்ளியிலிருந்து நிறுத்தும்போதே மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பெயரையும் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் வேறு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால் என்று நம் வீடுகளில் இந்தக் குழப்பம் சகஜம். சில பிறப்புச் சான்றிதழ்களில் பெயரே ஏறியிருக்காது. பிறப்பைப் பதிவு செய்து 15 ஆண்டுக்குள் சேர்க்க வேண்டும். ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் எழுத்துக்கு எழுத்து பொருந்திய பிறகே தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், ஏனெனில் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் ஏறும் பெயர்தான் பிறகு எங்கும் கேட்கப்படும்.

பலர் தேர்வு எழுதவைப்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாக. 10-ஆம் வகுப்புக்குச் சேரக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தேர்ச்சிக்கு 33 சதவீதம். ஒரு பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது முறை எழுதலாம். கணக்கும் அறிவியலும் எடுக்காமலேயே தேறிவிட முடியும் என்பதால் சுலபமான பாடங்களாகப் பொறுக்கிவிட்டு, பிறகு 11-இல் அறிவியல் குரூப்போ பாலிடெக்னிக்கோ கேட்டு நிற்கும் குடும்பங்கள் உண்டு. டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்புகளைக் கடைசி நாளில் அவசரமாக எழுதி ஏற்றாதீர்கள், அதற்கு 20 சதவீத மதிப்பு இருக்கிறது.

கடைசியாக, கை. வாயால் அழகாகத் திருப்பிச் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத விரல் ஒத்துழைக்காது. விடை தெரிந்தும் பாதித் தாள் வெள்ளையாகத் திரும்பும். தேர்வுக்குப் பத்து மாதம் முன்பே தொடங்குங்கள்: முதல் இரண்டு மாதம் தினமும் 20 நிமிடம் நிற்காமல் எழுதுவது, அடுத்த மூன்று மாதம் 40 நிமிடம், பிறகு வாரம் இருமுறை ஒன்றரை மணி நேரம், கடைசி இரண்டு மாதம் வாரம் ஒரு முழுத்தாள். வீட்டுச் சோபாவில் அல்ல. மேசை நாற்காலியில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தேர்வுக்கு எடுத்துப்போகப் போகும் அதே பேனாவில்.