வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டுப் படம்: குரலையும் இடத்தையும் ஒரே டேக்கில் பிடிப்பது எப்படி

நாகராவில் (படப்பிடிப்பில் பதிந்த பாட்டை ஒலிக்கவிடும் கருவி) பாட்டை ஓடவிட்டு வாயசைக்க வைப்பது நமக்குப் பழகிய முறை. பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டியாஸ் 2018-இல் வேறொரு வழியில் போனார். 'ஆங் பனஹோன் நங் ஹலிமாவ்' என்ற அந்தப் படம் 234 நிமிடம் ஓடுகிறது, கறுப்பு வெள்ளை. பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. கதை நடப்பது 1970-களின் கடைசியில், பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில். மருத்துவமனை திறக்க ஒரு கிராமத்துக்குப் போன மனைவி காணாமல் போகிறாள். கவிஞனான கணவன் தேடி வருகிறான். பாத்திரங்கள் சொல்ல வேண்டியதைப் பாடுகிறார்கள். பின்னால் கிதார் இல்லை, டிரம் இல்லை, ஒரு சுருதிகூட இல்லை. பாடல்களை எழுதியவரும் டியாஸ்தான்.

வாத்தியத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? குரலும் அந்த இடமும் மட்டும்தான். ஒரு வயலின் வந்துவிட்டால் இங்கே அழ வேண்டும், இங்கே பயப்பட வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அது இல்லாதபோது கணவனின் துக்கமும் அந்தக் கிராமத்தை ஆட்டிப்படைக்கும் ஆயுதக் கும்பலின் மிரட்டலும் ஒரே காற்றில் மொட்டையாக நிற்கின்றன. கைக்காசில் படம் எடுப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் எடிட்டிங்கில் எதையும் மூடி மறைக்க முடியாது. பின்னணி இசை போர்த்தி மறைக்கிற தவறுகள் எல்லாம் இங்கே வெளியே தெரியும். அதனால் வேலையில் பெரும்பகுதி கேமரா ஓடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மெட்டு: நடந்துகொண்டே பாட முடிகிற அளவுக்கு

மேடைப் பாடகருக்குப் போடுகிற மெட்டை நடிகரிடம் கொடுக்காதீர்கள். ஐந்து ஆறு ஸ்வரத்துக்குள் பாட்டு அடங்கட்டும். அவரால் எட்ட முடிகிற உச்சத்துக்கு ஒன்றிரண்டு ஸ்வரம் கீழேயே பாட்டின் உச்சம் நிற்க வேண்டும். வெளியில், விடிகாலைக் குளிரில், பத்தாவது டேக்கில் அந்த உச்சம் அவருக்குக் கிடைக்காது. ஒரு மூச்சில் பாடுகிற வரி நாலைந்து வினாடிக்கு மேல் நீள வேண்டாம். திரும்பத் திரும்ப வருகிற ஒரு பல்லவி இருந்தால் நல்லது. வாத்தியம் இல்லாத இடத்தில் கேட்பவர் பிடித்துக்கொள்ள அதுதான் கொழுகொம்பு.

வரியின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'ஆ', 'ஓ' போன்ற நெடிலில் முடிந்தால் குரல் தூரம் போகும். 'ஸ்', 'ச்' ஒலிகளில் முடிந்தால் ராத்திரிப் பூச்சிச் சத்தம் அவற்றை விழுங்கிவிடும், ஏனென்றால் சில்வண்டின் இரைச்சலும் அந்த மெய்யொலிகளும் ஏறக்குறைய ஒரே உயர் அலைவரிசையில் இருக்கின்றன. தென்கிழக்காசியக் காடானாலும் நம் ஊர்த் தோப்பானாலும் இதுதான் கதை. பாட்டு எழுதி முடித்ததும், எடுக்கப்போகிற இடத்தில், எடுக்கப்போகிற நேரத்தில் போனில் ஒருமுறை பதிந்து, வீட்டுக்கு வந்து கேளுங்கள். எந்தச் சொல் புரியவில்லையோ அதை மாற்றுங்கள். மைக்கை மாற்றுவதைவிடச் சொல்லை மாற்றுவது எளிது.

சுருதி கொடுப்பது

தனியாகப் பாடுகிறவர் யாராக இருந்தாலும் சுருதி மெல்ல இறங்கும். களைப்பு, சின்னக் குரலில் பாடுவது, கீழ்நோக்கி வருகிற வரிகள் மறுபடி மறுபடி வருவது என்று காரணங்கள் பல. இறக்கம் ஒரே டேக்குக்குள் நடந்தால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வாத்தியம் இல்லையே. ஆனால் இரண்டு டேக்கை வெட்டி ஒட்டினால் ஒட்டின இடத்தில் சுருதி துள்ளும். காது அதை உடனே பிடித்துவிடும்.

எனவே ஒரு பாட்டுக்கு ஒரு ஷாட். வேறு கோணம் வேண்டுமென்றால் இரண்டு கேமரா ஒரே நேரத்தில் ஓடட்டும். இரண்டு டேக்கைக் கலக்காதீர்கள்.

சுருதி கொடுக்கும் வரிசை இப்படி. நடிகர் தன் இடத்தில் நின்றபின் உதவியாளர் போனில் சுருதிப் பெட்டி செயலியைத் திறந்து, முன்பே குறித்துவைத்த கட்டையை (ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஐந்தரை என்பது வெறும் தொடக்கப்புள்ளி, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பாருங்கள்) பத்து வினாடி ஒலிக்க விடுகிறார். நடிகர் வாயை மூடி 'ம்' என்று சேர்ந்துகொள்கிறார். அப்புறம் முதல் வரியை ஒருமுறை முணுமுணுக்கிறார். ஸாவை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் ஸ்வரத்தைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர், அதற்குத்தான் இந்த முணுமுணுப்பு. சுருதி நிற்கிறது. கேமரா, ரெக்கார்டர், கிளாப். பிறகு இருபது வினாடி அமைதி. அந்த இருபது வினாடியும் நடிகர் சுருதியை மனசில் வைத்திருக்க வேண்டும். யாரும் பேசக் கூடாது, இயக்குநரும்தான். பழக்கம் இல்லாதவருக்கு ஒரு காதில் சின்ன இயர்போன் வைத்து, பாட்டு தொடங்கும்வரை சுருதியை ஓடவிடலாம். தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மைக் அதைப் பிடித்துவிடக்கூடும்.

டேக் முடிந்ததும் முதல் ஸாவையும் கடைசி ஸாவையும் டியூனர் செயலியில் பாருங்கள். அரைக்கட்டைக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். அதற்குமேல் என்றால் நடிகர் களைத்துவிட்டார் என்று அர்த்தம். வெந்நீர், கால்மணி நேர ஓய்வு, பிறகு அடுத்த டேக். அதே காட்சியில் இன்னொருவர் பதில் பாட வேண்டியிருந்தால், அவர் சுருதியைச் செயலியிலிருந்து எடுக்கக் கூடாது. முதலாமவர் எங்கே கொண்டுவந்து முடித்தாரோ அங்கிருந்து எடுக்க வேண்டும். பலர் சேர்ந்து பாடும்போது ஒருவரே தலைமை. எல்லோரும் இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்கட்டும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் குரல் போய்ச் சேர ஏறக்குறைய 30 மில்லிவினாடி ஆகிறது. தாளம் இழுக்க ஆரம்பிக்க அது போதும்.

மைக்: தலைவலி இங்கேதான்

டியாஸின் பாணி அகலமான, அசையாத ஷாட். மனிதர்கள் சட்டகத்தில் சின்னதாக, சுற்றிலும் காடோ மழையோ. பிலிப்பைன்ஸ் மக்களும் சேர்ந்த மலாய் மக்களின் வாழ்க்கை கடிகாரத்தைவிட இடத்தோடும் இயற்கையோடும் கட்டுண்டது என்று அவர் பலமுறை பேசியிருக்கிறார். அந்தச் சட்டகங்கள் அந்த எண்ணத்திலிருந்து வந்தவை. அழகுதான், ஆனால் பூம் மைக்கை (நீண்ட கோலின் முனையில் கட்டிய மைக்) வாய்க்கு அருகில் கொண்டுபோக முடியாது. மைக் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும்; பூச்சிச் சத்தம் அப்படியே இருக்கும். 50 சென்டிமீட்டரில் இருந்த மைக் 4 மீட்டருக்குப் போனால் 18 டெசிபல் போய்விட்டது.

முதல் வழி, பக்கத்துக் கல்லுக்குப் பின்னால், விறகுக் கட்டுக்குள், மேசைக்கடியில் மைக்கை ஒளித்துவைப்பது. நடிகர் நின்று பாடினால் இது அருமையாக வேலை செய்யும். நடந்தால் பயன்படாது.

இரண்டாவது வழி காலர் மைக். சட்டையில் குத்தினால் பாட்டுக்கு அவ்வளவு நன்றாக இருக்காது: நெஞ்சு அதிர்வு மிகுந்து குரல் உள்ளேயிருந்து வருவதுபோல் கேட்கும், தலை திரும்பினால் சத்தம் விழும், துணி உரசும். இசை நாடக மேடைகளில் செய்வதுபோல முன்நெற்றி முடிக்கோட்டில் வையுங்கள். மைக்கின் தலை முடியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். முடி நிறத்தில் சின்ன கிளிப், இல்லையென்றால் மெல்லிய எலாஸ்டிக். ஒயரைத் தலைமுடிக்குள்ளேயே பின்னுக்குக் கொண்டுபோய், பிடரியில் மருத்துவ டேப்பால் ஒட்டி, கழுத்தைத் திருப்பும்போது இழுபடாதபடி ஒரு சின்ன வளையம் விட்டு, முதுகு வழியாக இடுப்புக்கு இறக்குங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மைக்கும் கூடவே திரும்புவதால் அளவு மாறாது. வியர்வைதான் எதிரி. நெற்றி வியர்வை மைக் துளையை அடைத்தால் குரல் திடீரென்று மந்தமாகும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் துடையுங்கள், மாற்று மைக் ஒன்று கையில் இருக்கட்டும்.

காலர் மைக் குரலைத் தரும்; இடத்தைத் தராது. அதற்குச் சட்டகத்தின் விளிம்பில் ஒரு பூம் மைக் நிற்கட்டும். வெளியில் ஷாட்கன் (முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் குறிவைக்கும் நீண்ட மைக்), காற்றுக்கு முடியுறையோடு. அறைக்குள் ஷாட்கன் வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அது விகாரமாக்கும், அதற்குப் பதில் ஹைப்பர்கார்டியாய்டு என்ற குட்டையான மைக்கைப் பாருங்கள்.

ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நடிகரை முதல் வரியைப் பாடச் சொல்லி அளவு வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. இருப்பதிலேயே உரத்த வரியை, காட்சியில் பாடப்போகிற அதே உணர்ச்சியோடு பாடச் சொல்லுங்கள். அது ரெக்கார்டர் மீட்டரில் −12 டெசிபல் அருகில் நிற்கட்டும், எந்தக் கட்டத்திலும் −6-ஐத் தாண்ட வேண்டாம். அளவு மிஞ்சினாலும் பிறகு குறைத்துக்கொள்ள முடிகிற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் பயமில்லை என்கிறார்கள். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரிலேயே ஒலி உடைந்துவிட்டால் 32 பிட்டாலும் அதை மீட்க முடியாது.

ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன், ஆட்கள் கலையும் முன், மூன்று நிமிடம் வெறும் இடத்தின் ஒலியைப் பதியுங்கள். மறுநாள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தி ஆறு மணிப் பூச்சிக் கூட்டமும் ஆறரை மணிக் கூட்டமும் வேறு வேறு, ஒட்டினால் தெரியும்.

கேமரா

முக்காலியில் பூட்டிவிடுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் பதியும் வீடியோ நிமிடத்துக்கு சுமார் 750 எம்பி எடுக்கும். 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 85 நிமிடம். சில கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும், முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நீண்ட ஷாட் என்றால் சூடேறி அணையும். டேக்குகளுக்கு நடுவே குடை பிடியுங்கள்.

வினாடிக்கு 24 ஃபிரேம் என்று முடிவு செய்தால் கேமரா, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் இரண்டும் 24. கேமரா 23.976-இல் எடுத்ததை டைம்லைனில் 24 ஆக வேகப்படுத்தி, ஒலியை அப்படியே விட்டால் நாலு நிமிடப் பாட்டின் முடிவில் உதடு கிட்டத்தட்ட ஆறு ஃபிரேம் விலகியிருக்கும். டப்பிங் படத்தின் தோற்றம் வந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். தொடக்கத்தில் ஒரு கிளாப், முடிவிலும் ஒன்று. இரண்டும் பொருந்துகிறதா என்று அன்றே பாருங்கள்.

மின்விளக்கில் எடுத்தால் ஷட்டர் நாட்டைப் பொறுத்தது. பிலிப்பைன்ஸில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்: 1/60 வையுங்கள். இந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியாவில் 50 ஹெர்ட்ஸ்: 1/50. மாற்றி வைத்தால் வெளிச்சம் துடிக்கும்.

கறுப்பு வெள்ளையில் பச்சை இலையும் மாநிறத் தோலும் ஒரே சாம்பலாகிவிடும். ஆள் புதருக்குள் கரைந்துபோவார். வண்ணத்தில் பதிந்துகொண்டு, மானிட்டரில் மட்டும் கறுப்பு வெள்ளை பாருங்கள். பிறகு மாற்றும்போது சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தால் தோல் வெளுத்து இலை கறுக்கும். ராத்திரியில் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒரே விளக்கு போதும், பின்னால் கொஞ்சம் புகை இருந்தால் ஆள் தனித்துத் தெரிவார்.

எடிட்டிங், மிக்ஸிங்

ஷாட் தொடங்கிய உடனே பாட்டு தொடங்கக் கூடாது. பத்துப் பதினைந்து வினாடி இடம் மட்டும் கேட்கட்டும்; அந்தப் பூச்சியும் தூரத்துச் சேவலும் காதில் உட்கார்ந்தபின் குரல் எழுந்தால்தான் அது அங்கேயே பிறந்த குரலாகக் கேட்கும். முடிவிலும் அதே. கடைசி மூச்சை வெட்டாதீர்கள். பாடி முடித்தவர் மூச்சு வாங்கும் அந்த மூன்று வினாடியில்தான் நடிப்பு முழுதும் இருக்கிறது.

தாழ்ந்த உறுமலை எடுக்க ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரு கட்டையில் பாடும் ஆணின் மந்திர பஞ்சமமே (கீழ் ஸ்தாயிப் 'ப') 98 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலே வெட்டினால் குரலின் அடி போய்விடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பேச்சுக்குப் போடுகிற அளவு பாட்டுக்குப் போடாதீர்கள். ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் நீண்ட கார்வையில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். திறந்த வெளிப் பாட்டுக்கு ரிவெர்ப் வேண்டாம், வயல்வெளியில் கோயில் மண்டபத்து எதிரொலி வந்தால் பொய் தெரிந்துவிடும். குரல் மெலிவாகக் கேட்டால் பூம் மைக்கில் வந்த இடத்தின் ஒலியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். காலர் மைக்கின் வறட்சி அதில் தணியும். இரண்டு மைக்கும் ஒரே குரலை வெவ்வேறு தூரத்தில் பிடித்திருப்பதால் கலக்கும்போது குரல் குழாய்க்குள் போனதுபோல் கேட்கலாம். ஒரு மீட்டருக்கு சுமார் 3 மில்லிவினாடி என்று கணக்கிட்டுப் பூம் தடத்தை முன்னே நகர்த்திக் காதால் சரிபாருங்கள். நடிகர் நடந்துகொண்டே பாடிய ஷாட்டில் அந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பூம் தடத்தை விட்டுவிட்டு, தனியே பதிந்த மூன்று நிமிட இடத்து ஒலியை அடியில் போடுங்கள்.

வசனவரியில் (சப்டைட்டில்) எதுகை மோனையைத் துரத்த வேண்டாம். பொருளைக் கொடுங்கள், பாடுகிற வரி முடியும்வரை திரையில் நிற்கட்டும். டியாஸின் படத்தில் ஊர்த் தலைவன் முழங்குவது யாருக்கும் புரியாத மொழி; அதற்கு வசனவரியே கிடையாது. புரியாமல் இருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அதிகாரம் என்று தெரிந்து விட்டிருக்கிறார். உங்கள் படத்திலும் பல்லவி திரும்ப வரும்போது, முதல் இரண்டு முறை வசனவரி கொடுத்துவிட்டு மூன்றாவது முறை எடுத்துப் பாருங்கள். பார்ப்பவரின் கண் எழுத்தை விட்டு முகத்துக்குப் போகும்.