முட்டுக்கட்டையா, இழுபறியா? ‘டெட்லாக்’ செய்திக்குத் தலைப்பு வைக்கும் முறை

ஆங்கிலத்தில் ‘டெட்லாக்’ (deadlock) என்று வந்த செய்திக்கெல்லாம் முட்டுக்கட்டை என்று தலைப்பு போட்டால் பாதி இடத்தில் சரிவரும். மீதி இடத்தில் யார் தலையிலாவது பழி விழும்.

படி 1: எழுத்து. முட்டுக்கட்டை. நடுவில் ‘க்’ கட்டாயம்.

படி 2: நிலைமை. இரு தரப்பும் இன்னும் பேரம் பேசினால் அது இழுபறி. தொகுதிப் பங்கீட்டில் ஒருவர் 25 கேட்க, மற்றவர் 18-க்கு மேல் ஏறாமல் நிற்கிறாரே, அதுதான். பேச்சே நின்று, யாரும் இறங்கிவராவிட்டால் முட்டுக்கட்டை. அதனால் வேலை நின்றுபோனால் முடக்கம். அமெரிக்காவில் எல்லைச் சுவருக்கான நிதியில் முட்டுக்கட்டை ஏற்பட்டது. விளைவாக 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அரசு முடக்கம். காரணம் வேறு, விளைவு வேறு. பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு புதிய அரசு அமைய 541 நாள் ஆனது. பேச்சு விட்டுவிட்டு நடந்ததால் அதற்கு இழுபறிதான் பொருத்தம்.

படி 3: வேற்றுமை உருபு. இங்கேதான் பலருக்கும் கால் இடறுகிறது.

‘பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை’ என்றால் இரு தரப்பும் சிக்கி நிற்கின்றன. ‘பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை’ என்றால் யாரோ, எதுவோ தடுக்கிறது. ‘போட்டது’ என்ற வினையும் சேர்ந்துவிட்டால் வேண்டுமென்றே தடுத்ததாகவே ஆகிவிடும். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டை தானாக வந்து விழுவதில்லை. போட ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று வாசகர் தேடுவார். சான்று இருந்தால் ‘போட்டது’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் ‘ஏற்பட்டுள்ளது’, ‘நீடிக்கிறது’. (தேருக்கு அது வேகத்தை அடக்கி, முக்கில் திருப்பிவிடும் நல்ல கட்டை. பேச்சு வழக்கில்தான் வில்லனாகிவிட்டது.)

படி 4: முடிக்கும் வினை. முட்டுக்கட்டை நீங்கும், விலகும். இழுபறி முடிவுக்கு வரும். ‘முட்டுக்கட்டையை உடைத்தது’ என்பதில் ஆங்கில வாடை அடிக்கிறது. கட்டையை எடுப்பார்கள், உடைக்கமாட்டார்கள். கால்பந்தில் முதல் கோல் விழுவதையும் ஆங்கிலத்தில் டெட்லாக்கை உடைத்ததாகச் சொல்வார்கள். அந்தச் செய்தியில் முட்டுக்கட்டை என்ற சொல்லே வேண்டாம். ‘70-வது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது’ என்றாலே போதும்.

சந்தேகம் வந்தால் அகராதியை மட்டும் நம்பாதீர்கள். அது பொருளைச் சொல்லும். எந்த வினை ஒட்டும் என்று பெரும்பாலும் சொல்லாது. ‘முட்டுக்கட்டை நீங்கியது’ என்று முழுத் தொடரையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, செய்திகளில் தேடிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: கணினிப் பாடத்தில் வரும் டெட்லாக்குக்கும் முட்டுக்கட்டை செல்லுமா என்று கேட்கிறார்கள். ஒரு நிரல் தரவு அட்டவணையின் முதல் வரிசையைப் பூட்டிவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது; இன்னொன்று இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதற்குக் காத்திருக்கிறது. இங்கே கட்டை போட்ட ஆளே இல்லை. நிரல் எழுதுபவர்கள் புழங்கும் டெட்லாக்கையே வைத்துக்கொண்டு, முதல் தடவை மட்டும் ‘ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நின்றுபோவது’ என்று விளக்கிவிடுங்கள். சதுரங்கத்தின் ஸ்டேல்மேட்டுக்கும் முட்டுக்கட்டை பொருந்தாது. அரசனுக்குச் செக் இல்லாமல், விதிப்படி எந்தக் காயையும் நகர்த்த முடியாத அந்த நொடியிலேயே ஆட்டம் டிராவில் முடிந்துவிடுகிறது.